பந்தல் பிரித்த பிறகு யார் வருவார்கள்?

ஒரு வீட்டில் சாவு என்று கேட்டால் போதும், நம் தோட்டத்து மக்கள் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். ஒருவர் பந்தல் போடுவார். ஒருவர் நாற்காலிகளை இரவல் வாங்கித் தூக்கி வருவார். துக்க வீட்டில் அடுப்பு எரியாது. ஆனாலும் அந்த வீட்டுப் பிள்ளைகள் பட்டினி கிடக்க மாட்டார்கள். இந்து வீடா, கிறிஸ்தவ வீடா என்று யாரும் கேட்பதில்லை. லயங்கள் பல இடிக்கப்பட்டு, நம்மில் பலர் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோய்விட்ட இந்நாளிலும் இந்த நல்ல குணம் நம்மை விட்டுப் போகவில்லை.

இந்து வீட்டில் பதினாறாம் நாள் கருமாதி முடிகிறது. கிறிஸ்தவ வீட்டில் முப்பதாம் நாள் ஜெபம் முடிகிறது. உறவினர்கள் பேருந்து ஏறிவிடுகிறார்கள். இரவல் வாங்கிய அண்டா குண்டாக்கள் உரியவர் வீட்டுக்குப் போய்ச் சேர்கின்றன. பந்தலும் பிரிக்கப்படுகிறது.

அதற்கு மறுநாள் அந்த வீட்டுக்கு யார் போகிறார்கள்?

இந்தக் கேள்வியை நான் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. என் தாயார் பட்ட பாட்டிலிருந்து எடுத்தேன்.

ஈயக் குட்டையில் போன உயிர்

1974-ஆம் ஆண்டு. பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டம். எனக்கு வயது பதின்மூன்று. என் தம்பிக்கு ஒன்பது. தோட்டத்து எல்லைக்கு அப்பால் கைவிடப்பட்ட ஈயக் குட்டை ஒன்று இருந்தது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் அங்கே மீன் பிடிக்கப் போவது வழக்கம். ஒரு நாள் போனவர்களில் என் தம்பி மட்டும் திரும்பி வரவில்லை.

அம்மா அப்போது பால் எடுத்துக்கொண்டிருந்தார். செய்தி கேட்டு, தோளிலிருந்த காண்டா வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். கொட்டிய பால் மறுநாளும் அந்தப் பாதையில் வெள்ளையாய்க் காய்ந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தோட்டமே எங்கள் வீட்டில் கூடியது. யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் ஆறுதல் சொல்ல வந்தவர்கள் சொன்ன வார்த்தைகள் மட்டும் அம்மாவுக்குள் முள்ளாய்த் தங்கிவிட்டன. "அழாதே, அழுதால் பிள்ளையின் ஆத்துமா வேதனைப்படும்" என்றார் ஒருவர். "இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்களே" என்றார் இன்னொருவர். எங்கள் சபையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "ஆண்டவர் தம் தோட்டத்துக்கு அழகான பூவாகப் பார்த்துப் பறித்துக்கொண்டார், அம்மா" என்றார். அவர் நல்ல மனிதர், அன்பினால்தான் சொன்னார்.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்து, "அவருக்கு அவ்வளவு பெரிய தோட்டம் இருக்கிறதே, என்னுடைய ஒரு பூதானா வேண்டியிருந்தது?" என்று கேட்டார். அதன்பிறகு பதினொரு மாதம் அம்மா கோயில் வாசற்படி மிதிக்கவில்லை.

விசுவாசம் குறைந்துவிட்டது என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அம்மாவோ யாரிடமும் எதுவும் பேசவில்லை. விடிகாலையில் பிரட்டுக்குப் போவார், நிரையை முடிப்பார், வருவார், சமைப்பார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அப்பா கள்ளுக்கடைக்குப் போகத் தொடங்கினார். தம்பியின் பெயரை வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. அவன் பள்ளிப் பையைக்கூட யாரோ எங்கள் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டார்கள்.

அஞ்சடியில் உட்கார்ந்த பாட்டி

அப்படி இருக்கும்போதுதான் கடைசி லயத்துப் பாட்டி எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். அறுபதை நெருங்கிய வயது. எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் சபையைச் சேர்ந்தவர்தான். ஆனால் வேத வசனம் எதையும் சொல்லவில்லை. மாலை நாலரை மணிக்கு வருவார், அஞ்சடியில் உட்காருவார், அம்மா என்ன வேலை செய்கிறாரோ அதில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். நெத்திலி ஆய்வார், கீரை கிள்ளுவார். பொழுது சாய்ந்ததும், "வர்றேன் ஆத்தா" என்று எழுந்து போய்விடுவார். மூன்று வாரத்துக்கு மேல் இப்படியே நடந்தது.

ஒரு நாள் மாலை, நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டே அம்மா, "காலையில் பத்துக் காசு கேட்டான். இல்லையென்று விரட்டினேன். கொடுத்திருந்தால் கடைப்பக்கம் போயிருப்பான், குட்டைக்குப் போயிருக்க மாட்டான்" என்றார்.

அருகிலிருந்த எனக்கே, "அதெல்லாம் உங்கள் தப்பில்லை, அம்மா" என்று சொல்ல வாய் துடித்தது. பாட்டி அப்படிச் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, "அன்னைக்கு என்ன சட்டை போட்டிருந்தான் ஆத்தா?" என்று கேட்டார்.

அம்மா சொன்னார். நீலக் கட்டம் போட்ட சட்டை. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டார் தைத்துக் கொடுத்தது. மேல் பொத்தான் இல்லை. தைக்க வேண்டும், தைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தது. சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. அன்று அழுதது போல அடக்கத்தன்று கூட அம்மா அழுததில்லை. பாட்டி கண்ணீரைத் துடைக்கவில்லை. "அழாதே" என்றும் சொல்லவில்லை. மீன் வாடையடித்த கையோடு அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பின்னாளில்தான் பாட்டியின் கதை எனக்குத் தெரிந்தது. 1943-இல் அவருடைய கணவரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் காலராவுக்கும் மலேரியாவுக்கும் பட்டினிக்கும் பலியானதை நாம் அறிவோம். பாட்டியின் கணவரும் திரும்பவில்லை. உடலும் இல்லை, அடக்கமும் இல்லை, குழிமேல் வைக்க ஒரு சிலுவையும் இல்லை. ஆறு வருடம் தாலியைக் கழற்றாமல் வாசலைப் பார்த்திருந்தாராம். அந்த ஆறு வருடமும் தன்னிடம் யாரும் அவரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை என்பதுதான் பாட்டியின் பெரிய வருத்தம். தனக்குக் கிடைக்காததை அவர் என் தாயாருக்குக் கொடுத்தார்.

ஏழு நாள் பேசாதிருந்த நண்பர்கள்

கிறிஸ்தவ ஆலோசனைப் பணி என்றவுடன், ஜெபப் புத்தகத்தோடு வந்து அறிவுரை கூறுவது என்றே பலர் எண்ணுகிறோம். வேதாகமத்தை நிதானமாகப் படித்தால் வேறு பாடம் கிடைக்கிறது.

யோபு என்ற பக்திமான் ஒரே நாளில் பிள்ளைகளையும் செல்வத்தையும் இழந்தார். பிறகு உடம்பிலும் கொடிய புண் கண்டது. அவரைப் பார்க்க எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்கள் வந்தார்கள். அவருடைய நிலையைக் கண்டு, ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் செய்த மிகச் சிறந்த ஊழியம் அதுதான்! எட்டாம் நாள் முதல் விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். "நீ ஏதோ பாவம் செய்திருப்பாய்" என்ற அளவுக்குப் போனார்கள். புத்தகத்தின் முடிவில் கடவுள் கோபித்துக்கொள்வது புலம்பிய யோபுவை அல்ல. விளக்கம் சொன்ன நண்பர்களைத்தான்.

பெத்தானியாவில் லாசரு இறந்தபோது இயேசு நான்கு நாள் கழித்து வந்தார். தாம் அவனை உயிரோடு எழுப்பப் போவது அவருக்குத் தெரியும். அப்படியிருந்தும், மரியாள் அழுவதைக் கண்டு அவரும் அழுதார். "ஏன் அழுகிறாய், இதோ எழுப்பப் போகிறேன்" என்று அவளை அடக்கவில்லை. மோட்ச நம்பிக்கை உள்ளவர்கள் அழக் கூடாது என்று சொல்வோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எம்மாவு ஊருக்குத் துயரத்தோடு நடந்துபோன இரண்டு சீடர்களிடமும் அவர் முதலில் செய்தது என்ன? கூடவே நடந்தார். என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். அதன் பிறகே பேசினார்.

கணவனையும் இரு மகன்களையும் இழந்த நகோமி, ஊர் திரும்பியபோது தன் பெயரையே கசப்பு என்று பொருள்படும் மாராள் என மாற்றிக்கொண்டாள். கடவுள் தன்னைக் கசக்கச் செய்துவிட்டார் என்று வெளிப்படையாகச் சொன்னாள். மருமகள் ரூத் அவளோடு வாதாடவில்லை. கூடவே வந்து, வயலில் கதிர் பொறுக்கி, மாமியாருக்குச் சோறு போட்டாள்.

தேநீர் கொடுத்தவர்கள்

நம் காலத்திலும் இந்த உண்மை நிரூபிக்கப்பட்டிருக்கிறது. 1953-இல் லண்டனில் சாட் வரா என்ற ஆங்கிலிக்கன் குருவானவர், உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுவோர் தம்மிடம் பேசலாம் என்று அறிவித்தார். கூட்டம் வந்தது. காத்திருப்போருக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத் துணையாக இருக்கச் சாதாரண மக்கள் சிலர் முன்வந்தார்கள். சில நாட்களில் குருவானவர் ஒன்றைக் கவனித்தார். தேநீர் கொடுத்தவர்களிடம் மனம் விட்டுப் பேசிய பலர், அவரைப் பார்க்காமலேயே நிம்மதியாகத் திரும்பிப் போனார்கள்! அப்படிப் பிறந்ததுதான் சமாரித்தன்ஸ் இயக்கம். அதன் வழியில் 1969-இல் சிங்கப்பூரிலும், 1970-இல் கோலாலம்பூரில் பிஃப்ரெண்டர்ஸ் என்ற பெயரிலும் தொண்டு நிலையங்கள் தோன்றின. இவை இன்று எந்த மதத்தையும் சார்ந்தவை அல்ல, எல்லாருக்கும் பொதுவானவை.

துக்கத்தைப் பற்றி அறிஞர்களும் நிறைய எழுதியிருக்கிறார்கள். 1969-இல் டாக்டர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகளைக் குறிப்பிட்டார். அவர் அவற்றைக் கண்டது சாகக் கிடந்த நோயாளிகளிடம் பேசித்தான். அதை மறந்து, துக்கப்படுகிற ஒவ்வொருவரும் வரிசையாக ஏறவேண்டிய மாடிப்படி போல நாம் நினைத்துவிடக் கூடாது. இன்று ஏற்றுக்கொண்டவர் நாளைக் காலையில் மறுபடி கோபப்படலாம். அது பின்வாங்குதல் அல்ல.

1982-இல் வில்லியம் வோர்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் துக்கத்தை நான்கு வேலைகளாகப் பிரித்துக் காட்டினார். போனது போனதுதான் என்று ஏற்பது முதல் வேலை. வலியை அடக்காமல் பட்டுத் தீர்ப்பது இரண்டாவது. அவர் இல்லாத வாழ்க்கைக்குப் பழகுவது மூன்றாவது. நான்காவது வேலை, பாசத்தை இறந்தவரிடமிருந்து விலக்கி வேறு உறவில் செலுத்துவது என்று முதலில் எழுதிய அவர், பிறகு அதைத் திருத்திக்கொண்டார். இறந்தவருக்கு மனத்தில் ஓர் இடம் கொடுத்து வைத்துக்கொண்டே வாழ்க்கையைத் தொடர்வது என்று மாற்றினார். மறப்பது வேலை அல்ல. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் பாட்டிக்கு இது முன்பே தெரிந்திருந்தது.

சி. எஸ். லூயிஸ் என்ற புகழ்பெற்ற கிறிஸ்தவ எழுத்தாளர் 1960-இல் மனைவியை இழந்தார். ஊருக்கெல்லாம் விசுவாசத்தை விளக்கியவர், தம் சொந்தத் துயரத்தில் கடவுள் கதவைத் தாழிட்டுக்கொண்டது போல் உணர்ந்ததாக மறுவருடம் ஒரு நூல் எழுதினார். அதையும் சொந்தப் பெயரில் வெளியிடாமல் புனைபெயரில் வெளியிட்டார். அப்பேர்ப்பட்டவருக்கே அந்த நிலை என்றால், பால் மரம் சீவும் ஒரு தாய் கடவுளைக் கோபித்துக்கொண்டதில் என்ன வியப்பு?

நானும் ஒரு தவறு செய்தேன்

இவ்வளவும் கண்ட நானே பின்னாளில் தவறினேன். பட்டணத்துக்கு வந்தபின் சபையில் ஆலோசனைப் பயிற்சி பெற்றேன். எங்கள் அடுக்குமாடியில் ஒருவருக்கு மனைவி தவறிவிட்டார். ஐம்பது வயதுக்காரர், இந்து. சென்று பார்த்தேன். அவர் இரண்டு வார்த்தை பேசுமுன் நான் இருபது வார்த்தை பேசினேன். மறுமை நம்பிக்கையைப் பற்றி விளக்கினேன். ஜெபிக்கட்டுமா என்று கேட்டேன். மரியாதைக்குத் தலையாட்டினார். அடுத்த வாரம் போனபோது உள்ளே வானொலி பாடியது, கதவு திறக்கவில்லை.

அந்த மூடிய கதவுதான் எனக்குக் கிடைத்த பெரிய பயிற்சி. துக்க வீடு நம் மதத்தைப் பரப்பும் இடமல்ல. மனம் உடைந்து கிடப்பவரிடம் அதைச் செய்வது, மயங்கிக் கிடப்பவரிடம் கைநாட்டு வாங்குவதற்குச் சமம். நம் நம்பிக்கை நம்மை அந்த வீட்டுக்கு நடத்திச் செல்லட்டும். அவர் கேட்டால் சொல்லுவோம். கேட்காவிட்டால் நெத்திலி ஆய்வோம்.

நாம் என்ன செய்யலாம்?

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு போங்கள். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை சாயந்திரம் வருகிறேன்" என்று சொல்லி, சொன்னபடி போங்கள். கைத்தொலைபேசியில் அனுதாபச் செய்தி அனுப்புவதோடு கடமை தீர்ந்துவிடாது.

இரண்டாவது, இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள். பெயர் சொன்னால் நினைவு வந்துவிடும் என்று அஞ்சுகிறோம். அவர்கள் மறந்தால்தானே நினைவு வருவதற்கு!

மூன்றாவது, கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். துக்கத்தில் ஒருவர் கொட்டியது மறுநாள் குழாயடிப் பேச்சாகிவிட்டால், அவர் இனி யாரிடமும் வாய் திறக்க மாட்டார்.

நான்காவது, காகித வேலைக்குத் துணை போங்கள். கணவனை இழந்த பெண்ணுக்கு மரணப் பத்திரம், ஊழியர் சேமநிதி, சொக்சோ என்று பல இலாகாக்களின் படியேற வேண்டியிருக்கிறது. சொக்சோவில் சந்தா கட்டிய தொழிலாளி இறந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அவரை நம்பியிருந்தோருக்கு ஓய்வூதியம் உண்டு. இதை அறியாமலே இருந்துவிடும் குடும்பங்களும் உண்டு. பாரம் நிரப்பத் தெரிந்த ஒரு பிள்ளை கூடப் போவதும் ஆறுதல் ஊழியமே. சேமநிதியில் வாரிசின் பெயரை எழுதி வைக்காதவர்கள் இன்றே எழுதி வையுங்கள். பின்னால் படும் அலைச்சல் குறையும்.

ஐந்தாவது, ஆண்களையும் பிள்ளைகளையும் மறந்துவிடாதீர்கள். பெண்கள் அழுதாவது தீர்க்கிறார்கள். ஆண்கள் குடித்து மறைக்கிறார்கள். என் தகப்பனாரிடம் ஒருவரும் அஞ்சடியில் வந்து உட்காரவில்லை. அந்தக் குறை அவர் சாகும்வரை இருந்தது. பிள்ளைகளிடம் "தம்பி தூங்குகிறான்", "ஊருக்குப் போயிருக்கிறான்" என்று சொல்லாதீர்கள். இறந்துவிட்டான் என்று மெதுவாக, உண்மையாகச் சொல்லுங்கள். தூங்குகிறான் என்று கேட்ட பிள்ளை தூங்கவே பயப்படும்.

ஆறாவது, தேதியை மறவாதீர்கள். முதல் பிறந்த நாள், முதல் தீபாவளி, முதல் கிறிஸ்துமஸ், ஆண்டு நினைவு நாள் ஆகியவை கனமான நாட்கள். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று குழிமேட்டில் மெழுகுவத்தி ஏற்றும்போது, தனியாக நிற்கும் ஒருவர் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். பல மாதமாகியும் சாப்பிடாமல், தூங்காமல், வேலைக்குப் போகாமல் இருப்பவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அவரைப் பேயோட்டுபவரிடம் கொண்டுபோவதும், விசுவாசக் குறைவு என்று கண்டிப்பதும் தீங்கு. "நானும் போய்விட்டால் தேவலை" என்று ஒருவர் சொன்னால், அதை வெறும் புலம்பலாக எண்ணாமல், "உயிரை விட நினைக்கிறீர்களா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியே விடாமல் உதவி தேடுங்கள். மலேசியாவில் பிஃப்ரெண்டர்ஸ் 03-76272929, சிங்கப்பூரில் எஸ்.ஓ.எஸ். 1767.

அம்மா மீண்டும் போன கோயில்

பதினொரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா தாமாகவே கோயிலுக்குக் கிளம்பினார். யாரும் அழைக்கவில்லை. கடைசி வாங்கில் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டு எதையும் பாடவில்லை. அன்று அந்தச் சபைப் பெரியவர் வாசலில் அம்மாவைப் பார்த்து, "அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, அம்மா" என்றார். அம்மா, "பரவாயில்லைங்க" என்றார். ஒரு பெரிய மனிதர் தம் வார்த்தைக்காக வருந்தியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு, தோட்டத்தில் எந்த வீட்டில் பந்தல் பிரித்தாலும் அம்மா மறுநாள் மாலை அங்கே போய்விடுவார். தோட்டம் துண்டாடப்பட்டு நாங்கள் பட்டணத்துக்கு வந்த பின்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. முட்டி வலியோடு நான்கு மாடி ஏறிப் போவார். "அங்கே போய் என்னதான் பேசுவீர்கள்?" என்று ஒரு முறை கேட்டேன். "நான் எங்கே பேசுகிறேன்? வெங்காயம் உரிப்பேன்" என்றார்.

2009-இல் அம்மா காலமானார். முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து, பந்தலைப் பிரித்து, எல்லாரும் போய்விட்டார்கள். மறுநாள் மாலை கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால், மூன்றாம் மாடியில் குடியிருக்கும் பெண் நின்றிருந்தார். நெற்றியில் திருநீறு, கையில் ஒரு பை வெங்காயம். சில வருடங்களுக்கு முன் மகனை விபத்தில் பறிகொடுத்தவர்.

"உங்க அம்மா எங்க வீட்டுக்கு ஏழு மாசம் வந்தாங்க அக்கா" என்றார். வேறொன்றும் சொல்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் கத்தியை எடுத்து வந்தேன்.

வாசக நேயர்களே! உங்கள் லயத்திலோ, உங்கள் மாடியிலோ அண்மையில் யார் வீட்டுப் பந்தல் பிரிக்கப்பட்டது? இன்று மாலை அங்கே கொஞ்சம் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.